சோலைக்கிளியின் உலகுக்குள் நுழைய

எழுதுகிறவர்களுக்குக் கை ஓடாத காலம் ஒன்று வரும். கொப்பியைத் திறந்தால் பழைய வரிகளே திரும்பி வந்து நிற்கும். அப்படித் தவிக்கும் இளையவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியின் தொகுப்புகளைத்தான்.

உடனே கவிதைக்குள் போக வேண்டாம். தலைப்புகளை வரிசையாக, வாய்விட்டு வாசியுங்கள்: 'நானும் ஒரு பூனை' (1985), 'எட்டாவது நரகம்' (1988), 'காகம் கலைத்த கனவு' (1991), 'பாம்பு நரம்பு மனிதன்' (1995). ஓர் ஆள் பத்து ஆண்டுகளாகத் தனக்கென ஓர் உலகத்தைக் குடியேற்றிக்கொண்டு வந்திருப்பது தெரியும்.

இரண்டாவது தலைப்பில் கொஞ்சம் நில்லுங்கள். சொர்க்கம் எட்டு, நரகம் ஏழு என்று ஓதப்போகும் வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் கல்முனை இருக்கும் கிழக்கிலங்கைக் கரையோரத்து முஸ்லிம் பிள்ளைகள். அது முடிந்துபோன கணக்கு. அந்தக் கணக்கில் இவர் ஒன்றைக் கூட்டுகிறார். அதுவும் 1988இல், கிழக்கில் யுத்தம் வீட்டுப் படலை வரை வந்துவிட்ட காலத்தில். மறுமைக்கென்று சொன்ன ஏழும் போதாமல் இம்மையிலேயே ஒன்று திறந்துகிடக்கிறது என்றுதான் அந்தத் தலைப்பு எனக்குக் கேட்கிறது. ஊர் நம்பிக்கையின் சுவரோடு ஒட்டித் தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்ட மாதிரி. இப்படித் தனக்கென்று கட்டிக்கொள்வதைத்தான் சொந்தப் புராணம் என்கிறேன்.

இனி கவிதைகள். பூனை எதன் குறியீடு, பாம்பு யார் என்று விடை தேட இறங்கினால் வாசிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போகும். அந்தப் பிராணி என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்பது நம் மூத்தம்மாக்கள் சொன்னது. இவருடைய காகம் கனவைக் கலைக்கிறது. அவருடைய உலகத்தில் அதற்கு அதுதான் வேலை.

அதே கல்முனை மண்ணின் எம்.ஏ. நுஃமானைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் வேறுபாடு துலங்கும். யாழ் நூலகம் எரிந்த 1981இல் எழுதிய 'புத்தரின் படுகொலை' கவிதையில் எல்லோருக்கும் தெரிந்த புத்தரையே அவர் அழைத்துவருகிறார். பொதுப் புராணத்தின் பலம் அது, வாசகருக்கு உடனே பற்றிக்கொள்ளும். சோலைக்கிளியோடு பழகத்தான் வேண்டும். அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸும் 1917க்குப் பிறகு மனைவியோடு சேர்ந்து நிலவின் கலைகளை வைத்துத் தனக்கொரு புராணம் கட்டினார். அவருடைய பிற்காலக் கவிதைகளுக்குப் புது இரத்தம் பாய்ந்தது அங்கிருந்துதான்.

இந்த மண்ணின் வேரையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்த நாட்டார் பாடல்களை, 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' நூலை, எடுத்துக்கொள்ளலாம். கிளியையும் மச்சானையும் விளித்துப் பாடும் அந்தக் கவிகளைக் கேட்ட காதுக்கு, சோலைக்கிளி பிராணிகளோடு பேசுவது அந்நியமாக இருக்காது.

எழுத்து வற்றியிருக்கிறவர்கள் அவருடைய பூனையை இரவல் வாங்க வேண்டாம். உங்கள் வளவில் தினம் கண்ணில் படுவது எது? அணிலோ, முருங்கை மரமோ, கிணற்றடி வாளியோ. அதற்கு ஒரு குணத்தையும் ஒரு கோபத்தையும் கொடுத்து ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த வாரம் வேறு எதையோ எழுதும்போதும் அதே அணில், அதே கோபத்தோடு உள்ளே வரட்டும்.