ஒரு மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நம் தலைக்கு மேலே பரவிக் கிடக்கும் ஓசோனையெல்லாம் ஒன்றுதிரட்டித் தரையில் படியவைத்தால் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான் தேறும். ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில் 250 சொச்சம். அண்டார்க்டிகாவில் 220க்குக் கீழே இறங்கினால் ஓசோன் ஓட்டை என்கிறார்கள். நமக்கோ இயல்பிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு மெல்லியது. இத்தனைக்கும் ஓசோன் பெரும்பாலும் பிறப்பது வெப்பமண்டலத்தின் மேல்வானத்தில்தான். உயரக் காற்றோட்டம் அதைத் துருவங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

போய்ச் சேர்ந்த இடத்தில் அதை அளக்கிறவர்களில் அண்டார்க்டிகாவிலுள்ள இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்தாரும் உண்டு. அவர்கள் பலூனில் கட்டி அனுப்பும் ஓசோன்சோண்ட் கருவியை எவ்வளவு மெச்சினாலும் தகும். வெளியே தெர்மோகோல் பெட்டி. உள்ளே ஒரு குட்டிப் பம்பும், பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஊற்றிய சிறு கலமும். பம்பு வெளிக்காற்றை இழுத்துக் கரைசலுக்குள் குமிழிகளாக விடும். ஒவ்வொரு ஓசோன் மூலக்கூறும் கரைசலிலிருந்து ஓர் அயோடின் மூலக்கூறைப் பிரிக்கும். அந்த அயோடின் மின்முனையில் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு மறுபடி அயோடைடாகிவிடும். என்ன அழகான கணக்கு! கரைசல் பழைய நிலைக்கே திரும்பி அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிவிடுகிறது. வந்துபோனதற்கு அத்தாட்சி, சில மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் மட்டுமே.

வெளியே மைனஸ் 80 டிகிரி குளிரிலும் உள்ளே கரைசல் உறையாது. மோட்டாரும் பேட்டரியும் விடும் சூடே போதும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து பம்பு இழுக்கும் அளவு குறையும். அதையும் கணக்கில் சேர்த்துத் திருத்துகிறார்கள். 1960களில் புனேயில், இந்திய வானிலைத் துறையில் இந்தியாவின் சொந்த ஓசோன்சோண்ட் உருவானபோது அந்தப் பணியை முன்நின்று நடத்தியவர் அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். தாமே கருவி செய்ய வேண்டும், அதுவும் பிசகாமல் செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை எண்ணிக் கைகூப்பத் தோன்றுகிறது.

தரையிலிருந்து சூரிய ஒளியைப் பார்க்கும் டாப்சன் கருவி முதன்மையாக மொத்தக் கையிருப்பைச் சொல்லும். எந்த மாடியில் களவு போனது என்று துல்லியமாகக் காட்டுவது இந்தப் பெட்டிதான். ஓட்டை ஆழமாகும் அக்டோபரில், அண்டார்க்டிகாவில் இது தரும் வரைபடத்தில் 14 முதல் 20 கிலோமீட்டர் உயரம் வரை ஓசோன் கோடு கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் ஒட்டிக் கிடக்கும். அதற்கு மேலே மறுபடி விரியும். துருவக் குளிர்காலத்தில் பனிமேகங்கள் திரண்டு, குளோரினை வீரியம் பெறச் செய்வதும் அதே உயரத்தில்தான்.