கந்தோரைப் பார்க்க யார் வருவார்?

வன்னியில் தண்ணீரூற்றிலோ பக்கத்து முள்ளியவளையிலோ ஒரு கந்தோருக்குள் கொப்பியும் கையுமாக ஒருவர் நுழைந்தால், அவர் பெரும்பாலும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆகத்தான் இருப்பார். மாரி தொடங்கினால் டெங்குப் பயம். பீலி, நீர்த்தாங்கி, பின்வளவில் கிடக்கும் பழைய டயர் எல்லாவற்றையும் பார்ப்பார். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் கொடுத்த அதிகாரம் அது. உள்ளே இருப்பவர்களின் கதிரையையோ முதுகு நோவையோ பற்றி அவர் கேட்பதில்லை. அது அவருடைய வேலையும் அல்ல.

கேட்கவேண்டியது இலங்கையின் தொழில் திணைக்களம். ஆனால் 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கந்தோர் வாசலோடு நின்றுவிடும். 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் காற்றோட்டம், வெளிச்சம், மலசலகூடம் பற்றிப் பேசுகிறதுதான். என்றாலும் தொழில் உத்தியோகத்தரின் கண் முதலில் விழுவது சம்பளப் பதிவிலும் சேமலாப நிதியிலும். முறைப்பாடுகளும் அதிகம் அவற்றைப் பற்றியவைதானே.

தமிழ்நாட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. தொழிற்சாலைக்கெனத் தனி இயக்ககம் உண்டு. கடைகளும் தனியார் அலுவலகங்களும் 1947இன் சட்டத்தின்கீழ் தொழிலாளர் துறையிடம் இருக்கின்றன. அதே துறைதான் கடைத்தராசுக்கும் முத்திரை போடுகிறது! 2021இல் அங்கே ஒரு நல்ல திருத்தம் வந்தது: கடை ஊழியருக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும். துணிக்கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நின்ற பெண்களுக்கு அது பெரிய விடயம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவரைத்தான் இரண்டு நாட்டிலும் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் அலுவலகப் பாதுகாப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தீ. 1975இல் சென்னை எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலச மஹால் எரிந்தபோது, அணைக்கப் போன தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அதனால் அங்கே பார்வையிடுபவர் மாடிப்படி, மின்கம்பி, அடுக்கிக் கிடக்கும் கோப்புகள் என்று தொடங்குவது நியாயம். அந்தப் பட்டியலை அப்படியே வன்னிக்குக் கொண்டுவந்தால் பாதி பொருந்தாது. இங்கே பெரும்பாலும் தரைத்தளக் கட்டடம், தகரக்கூரை, பின்னால் பற்றைக்காடு. பார்க்கவேண்டியவை வெக்கையும் பாம்பும், எல்லாவற்றுக்கும் முன்னால் குடிதண்ணீரும். சிறுநீரக நோய் பரவிய வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் போத்தல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கிணற்றுநீர் எப்போது சோதிக்கப்பட்டது என்பவைதான் முதல் கேள்விகள். பெண்களுக்குத் தனி மலசலகூடம் இல்லாத இடத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். இதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, ஆய்வாளரை ஆலோசகராகவும் ஆக்குகிறது. நல்ல எண்ணம். பத்துப் பேருக்குக் குறைந்த அலுவலகங்கள் பொதுவாக அதற்குள் வருவதில்லை. அரசு அலுவலகங்களையும் அது விலக்கியிருக்கிறது, போர்க்கப்பல்களோடு சேர்த்து ஒரே வரியில்! கந்தோர் வேலை என்றாலே பெரும்பாலும் அரச வேலையாக இருக்கும் வன்னிக்கு இதைப் பார்த்து ஒரு சட்டம் எழுதினால் மிச்சம் ஒன்றும் இராது.

பி.எச்.ஐ.யின் பார்வைக்கு மட்டும் திணைக்கள வளவு விலக்கல்ல. இருக்கும் அந்த ஒரு வழியைத்தான் அகலமாக்கவேண்டும். நுளம்புக்காக வருகிற அவர் கையில் இன்னொரு தாளும் இருக்கட்டும்: தண்ணீர், மலசலகூடம், மின்விசிறி, கதிரை, கணினித்திரையில் விழும் வெளிச்சம். பதில்களைக் கந்தோர்த் தலைவரிடம் மட்டும் கேட்டு நிரப்பாமல், கடைசி மேசையில் இருக்கும் எழுதுவினைஞரிடமும் அலுவலகப் பணியாளரிடமும் தனியாகக் கேட்கவேண்டும். பிரதி ஒன்று பிரதேச செயலகத்துக்கும் போகவேண்டும். அடுத்த முறை வரும்போது பழைய தாளை எடுத்துப் பார்த்தபிறகே புதியதைத் தொடங்கவேண்டும்.