திருமதி காடிலின் குடை

'சிரிக்க வைக்கிறதுக்குன்னு எழுதினதைப் போய் ஆராய்ச்சி பண்ணுவானேன்? சும்மா ஒரு தமாஷ்' என்கிறார்கள் நண்பர்கள். இந்தச் 'சும்மா'வின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு சமூகம் எதைச் சும்மா என்று ஒதுக்குகிறதோ, அதற்குள்தான் தன் அதிகாரத்தைப் பத்திரப்படுத்தி வைக்கிறது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் குடும்ப நகைச்சுவை இதற்கு நல்ல சான்று. காதல், கல்யாணம், விருந்து, வேலைக்காரர்கள், புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று யாரையும் நோகடிக்காமல் ஓடுகிற எழுத்து என்றுதான் அதற்குப் பெயர்.

அந்த எழுத்தின் தலைமையகம் 1841இல் லண்டனில் தொடங்கிய 'பஞ்ச்' வார இதழ். இந்தப் பெயர் அங்கத்திய தெருப் பொம்மலாட்டத்திலிருந்து வந்தது. கையில் தடியோடு வந்து மனைவி ஜூடியை அடிக்கிற பொம்மைதான் பஞ்ச். பத்திரிகை தடியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டது. 1845ஆம் ஆண்டுப் பஞ்சாங்க இதழில், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களை ஒற்றைச் சொல்லால் தடுத்து நிறுத்தும் துணுக்கு ஒன்று வந்து மிகப் பிரபலமானது. இந்த யோசனை ஆணுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை யாரும் சொல்லவில்லை. நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு மதிப்பாகப் பிழைக்க அன்றைக்கு வழி குறைவு. கல்யாணமே அவளுக்கு உத்தியோகம். வேண்டாம் என்று சொல்லும் சொகுசு அவளுக்கு ஏது?

அதே 1845இல் பஞ்சில் டக்ளஸ் ஜெரால்ட் தொடராக எழுதியவை 'திருமதி காடிலின் திரைமறைவுச் சொற்பொழிவுகள்'. பத்திரிகையின் விற்பனையை ஏற்றிவிட்ட தொடர் அது. இங்கே திரை என்பது கட்டிலைச் சுற்றித் தொங்கும் படுக்கைத் திரை. ஜாப் காடில் பொம்மை வியாபாரி. இரவில் விளக்கணைந்ததும் மனைவி மார்கரெட் பேச ஆரம்பிக்கிறாள். அவன் கேட்டுக்கொண்டே தூங்கிப் போகிறான். அவள் செத்த பிறகும் அந்தக் குரல் அவனைத் தூங்க விடாததால் நினைவிலிருந்து எழுதி வைத்தான் என்பது கதைச் சட்டகம். நம் மொழியில் இதற்குத் 'தலையணை மந்திரம்' என்று ஒரு சொல் உண்டு. ஆனால் மந்திரம் என்றால் பலிக்க வேண்டும். திருமதி காடில் ஓதியது எதுவும் பலிக்கவில்லை.

அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள்? புருஷன் சிநேகிதனுக்கு ஐந்து பவுன் கடன் கொடுத்துவிட்டான். அந்தப் பணத்தில் என்னென்ன செய்திருக்கலாம் என்று இரவெல்லாம் கணக்குப் போடுகிறாள்: பெண் குழந்தைகளுக்குத் தொப்பி, மகளைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போவது, தீ விபத்துக் காப்பீட்டுத் தவணை. இன்னொரு இரவு, வீட்டுக் குடையை இரவல் கொடுத்துவிட்டதற்காகப் பேசுகிறாள். 'பொம்பளை புலம்பல்' என்று அன்றைய வாசகன் சிரித்தான். எனக்கு இது ஒரு வீட்டின் வரவுசெலவுக் கணக்காகத் தெரிகிறது. கணக்குப் பார்க்கிறவள் ஒருத்தி, கையெழுத்துப் போடுகிறவன் வேறொருத்தன்.

அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் மணமான பெண் தனி நபரே அல்ல. கணவனும் மனைவியும் ஓர் ஆள், அந்த ஆள் கணவன். தாலி கட்டினால் நகையும் சொத்தும் யாருக்கு என்று நாம் கேட்பதுபோல அங்கே கேட்கவே வேண்டியதில்லை. கல்யாணமான நிமிஷமே அவளுடைய பணம், பொருள், கூலி எல்லாம் அவனுக்கு. தன் பெயரில் தனியாக வழக்குப் போட முடியாது. அவள் சம்பாதித்தது அவளுக்கே என்று சட்டம் ஒப்புக்கொள்ள 1870 ஆனது. தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள 1882 ஆனது. சட்டம் கைவைக்காமல் விட்ட உடைமை நாக்கு ஒன்றுதான். அந்த நாக்கைத்தான் நகைச்சுவை 'கொடுங்கோன்மை' ஆக்கியது. அடிமைப்பட்டவளை ஆண்டையாகவும், ஆளுகிறவனைப் பாவப்பட்ட ஜீவனாகவும் தலைகீழாக்கிக் காட்டுகிற வேலை இது. பகலில் காடில் வாயே திறக்க வேண்டியதில்லை, அவனுக்காகச் சட்டம் பேசும். இரவில் அவள் பேசுகிறாள். ஆனால் பேனாவும் அவன் கையில்தான் இருக்கிறது.

இதைத் தமாஷாக இல்லாமல் வாழ்ந்து பார்த்தவர் கரோலின் நார்ட்டன். இன்பியல் நாடகங்களுக்குப் புகழ்பெற்ற ஷெரிடனின் பேத்தி. 1836இல் கணவர் இவரையும் பிரதமர் மெல்போர்னையும் சேர்த்துப் பேசி மெல்போர்ன் மீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். தோற்றாலும் மூன்று மகன்களும் அவர் வசமே இருந்தார்கள். கரோலின் எழுதிச் சம்பாதித்த பணத்துக்கும் சட்டப்படி அவரே உரிமையாளர். கரோலினின் போராட்டம் குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய 1839ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி செய்தது. திரைக்கு வெளியே வந்து பேசிய குரல் இது.

இயக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஜெரால்ட் பிற்போக்காளர் அல்ல. சிறுவனாகக் கடற்படையில் இருந்து, அச்சகத்தில் தொழில் பழகி, ஏழைகள் பக்கம் நின்று எழுதியவர், தூக்குத் தண்டனையை எதிர்த்தவர். 1843 கிறிஸ்துமஸ் இதழில் தாமஸ் ஹூட், கூலிக்குச் சட்டை தைத்துத் தேய்ந்துபோகும் பெண்ணைப் பற்றி எழுதிய கவிதையை வெளியிட்டதும் இதே பஞ்ச்தான். இரண்டு வருஷத்துக்குள் அதே பக்கங்களில், சட்டைப் பொத்தான் அறுந்ததற்காகக் கோபப்படும் காடிலும் அதற்குப் பதில் பேசும் மனைவியும் வேடிக்கைப் பொருளாகிறார்கள். கூலிக்குத் தைத்தால் கண்ணீர், கூலியில்லாமல் தைத்தால் சிரிப்பு. தொழிற்கூடத்தில் சுரண்டலைப் பார்த்த கண் படுக்கையறை வாசலில் மூடிக்கொண்டது. முற்போக்கு எழுத்தின் எல்லைக்கோடு பல சமயம் இந்த வாசற்படிதான்.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா என்பீர்கள். அதல்ல விஷயம். நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறார். எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார் உரையாசிரியர் பேராசிரியர்: பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. விக்டோரியக் குடும்ப நகைச்சுவை ஆணிடம் முதல் சிரிப்பையும் பெண்ணிடம் இரண்டாவது சிரிப்பையும் கேட்டது. சிரிக்காதவளுக்கு 'நகைச்சுவை உணர்வு இல்லாதவள்' என்று பட்டம். எதிர்ப்பை முளையிலேயே கிள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆனாலும் பிரதி தன் ஆசிரியனைவிட நேர்மையானது. குடை போன இரவில் அவள் சொல்கிறாள்: குடையில்லாமல் நனைந்தால் எனக்குச் சளி பிடிக்கும், அதுவே எனக்கு எமனாகும், உங்களுக்கு என்ன கவலை என்று. காடில் தூங்கிப்போய், வானமே குடையாக விரிவதாகக் கனவு காண்கிறான். வாசகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். தொடரின் கடைசிச் சொற்பொழிவில் அவளுக்கு மெல்லிய செருப்பினால் ஈரம் ஏறிச் சளி பிடிக்கிறது. அதிலேயே சாகிறாள். முப்பத்துச் சொச்சம் இரவுகளாக அற்பம் என்று சிரித்துக் கழித்த விஷயம்தான் அவளைக் கொல்கிறது. ஜெரால்ட் இதைத் திட்டமிட்டாரா என்பது முக்கியமல்ல. குடை அற்பமல்ல என்று பிரதி சாட்சி சொல்லிவிட்டது.

அவள் போன பிறகு காடிலுக்குத் தூக்கம் வரவில்லை. அது பாசம் என்பார்கள். அவள் கேட்ட ஐந்து பவுன் கணக்குக்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நான் வாசிக்கிறேன்.