ஆர்கானிக் தக்காளி: ருசி உரத்திலா, ரகத்திலா?

"ஆர்கானிக் தக்காளி ருசியே தனி" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனா எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? அந்தக் கடைகளில் பெரும்பாலும் பார்ப்பது பழுத்தபின் பறித்த நாட்டுத் தக்காளி. சந்தையில் கிடைப்பதோ லாரியில் நசுங்காத, தோல் தடித்த ஹைபிரிட், காயாகவே பறித்தது. ரகம், பருவம், உரம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, ருசிக்கு உரம்தான் காரணம் என்பது என்ன கணக்கு? எங்க வேலையில் இப்படி பக் தேடினால் சிரிப்பார்கள்.

போதாததுக்கு ஃப்ரிட்ஜ் வேறு. 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த தக்காளியில் மணம் தரும் பொருட்கள் நன்றாகவே குறைந்ததை 2016ல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அப்புறம் லேபிள். 2013ல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில், ஒரே காபியை இரண்டு கோப்பைகளில் கொடுத்து, ஒன்றை மட்டும் 'சூழலுக்கு உகந்தது' என்றார்கள். பலருக்கும் அதுதான் பிடித்தது!

பூச்சிமருந்துக்குப் பயந்து வாங்குவது வேறு விஷயம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ருசிக்காக இரட்டை விலை கொடுப்பவர்கள் மட்டும் இதைச் செய்து பாருங்க: இரண்டு விதமாக விளைந்த, ஒரே ரக, ஒரே பழுப்புத் தக்காளி. கண்ணைக் கட்டி மூன்று துண்டுகள். இரண்டு ஒரே வகை. வேறானது எது? குருட்டாம்போக்கிலேயே மூன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். 12 தடவையில் 8 சரியாக வந்தால் பேசலாம்.