பகைவனின் பேச்சைப் படித்தவர்கள்

விமர்சனம் என்பது கவிதைக்கும் நாவலுக்கும் மட்டுமே உரியதெனக் கருதுவோர் நம்மிடையே பலர். இரண்டாவது உலக யுத்த காலத்திலே கோயபல்ஸின் வானொலிப் பிரசாரத்தை வரி வரியாகப் படித்து, எதிரியின் எண்ணத்தை உய்த்துணர்வதையே தொழிலாகக் கொண்டோர் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இருந்தனர். அமெரிக்க ஆய்வாளரின் ஊகங்களை, பின்னர் கைப்பற்றப்பட்ட நாஸி ஆவணங்களோடு ஒப்புநோக்கி அலெக்சாண்டர் ஜோர்ஜ் எழுதிய ‘பிரசாரப் பகுப்பாய்வு’ 1959இல் வெளிவந்தது. உளவுத்துறையினருக்குரிய நூலென்று இதனை நாம் ஒதுக்கிவிடலாகாது.

சொற்களை எண்ணிக் கணக்கிடும் முறை அக்காலத்திற் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஹரோல்ட் லாஸ்வெல் அதன் முன்னோடி. (உவமைகளை எண்ணி முடித்ததும் ஆய்வு முடிந்ததென எண்ணும் நம்மவர் சிலரும் இம்முறைக்கு உறவினரே.) ஜோர்ஜ் காட்டும் வழி வேறு. நூறு முறை சொல்லப்பட்டது வெறும் பழக்கமாயிருக்கலாம். ஒரே முறை சொல்லப்பட்டதும், சொல்லவேண்டிய இடத்திற் சொல்லாது விடப்பட்டதும் பெருஞ் செய்தியாகலாம். பேசுபவன் யார், யாருக்காக, எந்த நிர்ப்பந்தத்திற் பேசுகிறான் என்பவற்றை அறியாது சொல்லை நிறுப்பதிற் பயனில்லை.

1943இல், பழிவாங்கும் ஆயுதம் வருகிறதென ஜேர்மன் பிரசாரம் முழங்கிற்று. பிரித்தானிய ஆய்வாளர் அதனை வெற்று மிரட்டலெனத் தள்ளவில்லை. குண்டுவீச்சால் நொந்த சொந்த மக்களுக்குப் பொய் நம்பிக்கை ஊட்டினால், அது பொய்க்கும் நாளில் விளையும் சோர்வைக் கோயபல்ஸ் அறிவான். ஆகவே ஆயுதம் உண்மையாகவே இருத்தல் வேண்டும் என நியாயித்தனர். 1944 ஜூன் 13இல் வீ-1 குண்டுகள் விழத் தொடங்கின. இம்முறை பழையதாகிவிடவுமில்லை. ஐ.எஸ். இயக்கத்தினர் இறுதிப் போர் நிகழுமெனப் போற்றிய சிரிய ஊர் தாபிக். 2014இல் தொடங்கிய தம் சஞ்சிகைக்கு அப்பெயரையே இட்டனர். 2016 செப்டெம்பரில் ‘ரூமியா’ என்ற வேறொரு சஞ்சிகை வந்தது. தாபிக் அதன்பின் வெளிவரவில்லை. அடுத்த மாதமே அவ்வூர் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. பெயரின் மறைவே செய்தியாயிருந்தது.

ஆயினும் நமக்கு இதில் நிறைவில்லை. ‘அவன் அடுத்து என்ன செய்வான்?’ என்பதே உளவறிவோனின் கேள்வி. ‘மக்கள் ஏன் செவிசாய்த்தனர்?’ என்பது அவனுக்கு இரண்டாம் பட்சமே. அதைக் கேட்டவர் விக்டர் கிளெம்பரர். யூத வம்சத்தவர் என்பதால் 1935இல் டிரெஸ்டனிற் பேராசிரியர் பதவியை இழந்த இம்மொழியறிஞர், உயிருக்கஞ்சி மறைவாக எழுதிய நாட்குறிப்புக்களிலிருந்து 1947இல் நாஸி மொழி பற்றிய நூலை ஆக்கினார். வெறியைக் குறித்து முன்பு இகழ்ச்சியாக வழங்கிய சொல், ஹிட்லர் ஆட்சியிற் பெரும் புகழ்ச்சியானதை அவர் கண்டார். தலைவர்களின் மேடையில் மட்டுமன்று. கட்டாய வேலை செய்த தொழிற்சாலையிலே, நல்ல மனமுடைய தொழிலாளர் வாயிலும், ஒடுக்கப்பட்ட யூதர் வாயிலுங்கூட நாஸி மொழி புகுந்திருந்தது. கோப்புக்கட்டுகளில் இந்தச் செய்தியைத் தேடியவர் எவருமிலர்.