தனிச்செலவு நூல்களில் கேட்போர்

தோற்றுவாய்

மோட்டார் சைக்கிளில் ஒருவர் நெடுவழி தனியே செல்லுதலும், சென்ற வழியில் தம்மைத் தாமே கண்டறிந்ததாக எழுதுதலும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி தொட்டு ஆங்கிலத்தில் ஒரு நூல்வகையாகவே வளர்ந்துள்ளன. இவ்வகைக்குத் தமிழில் நிலைத்த பெயர் இன்மையின், ஈண்டு 'தனிச்செலவு நூல்' எனக் குறியிட்டு வழங்குகின்றோம். செலவு என்பது பயணத்தைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதும், பாலைத்திணையில் 'செலவழுங்குதல்' என வருவது அச்சொல்லே என்பதும் கற்றோர் அறிவர்.

இந்நூல்களைப் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. சாலையே ஆசான், தனிமையே பள்ளி. வழிநடந்தார் எல்லாரும் தம்மைக் கண்டு மீள்வர் என்பர் ஒரு சாரார். பொருள்வளம் உடையாரின் பொழுதுபோக்கிற்குத் 'தன்னைக் காணல்' என்னும் சொல் ஒரு மேற்பூச்சே என்பர் மற்றொரு சாரார். இருசாராரும் நூலை விடுத்து நூலாசிரியரின் வாழ்க்கையையே அளக்கின்றனர். ஒருவர் தம்மைக் கண்டாரா இல்லையா என்பதை நூலுக்குப் புறத்தே நின்று அளத்தற்கு நம்மிடம் கோல் இல்லை. நூலுக்கு அகத்தே நின்று அளக்கும் கோல் உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஆராயும் முறை

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுக்கின்றது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், பயன் என்னும் நான்கும் எண்ணத்தக்கவை. சொல்வார் யார் என்பதோடு இலக்கணம் அமையவில்லை. கேட்பார் யார் என்பதையும் செய்யுளின் உறுப்பாகவே கொண்டது. கேட்போர் செய்யுளுக்கு வெளியே இருக்கும் கூட்டத்தார் அல்லர். செய்யுளின் உள்ளே அமைந்து, சொல்லின் வடிவையே மாற்றுபவர். தோழிக்குச் சொல்வது போலத் தலைவி தாய்க்குச் சொல்லாள்.

இவ்விலக்கணம் ஆங்கில உரைநடைக்கென எழுந்ததன்று. ஆயினும் தனிச்செலவு நூல்களில் கேட்போர் யாவர் என வினவுதல் பயனுடைத்து. தனியே செல்லும் ஒருவருக்குக் கேட்போர் எங்ஙனம் வாய்ப்பர் என்னும் ஐயமே இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. எம் முடிபை முன்னரே கூறிவிடுவோம்: இந்நூல்களில் 'தான்' என்பது கேட்போர் உள்ள இடத்தில் உருப்பெறுகின்றது, கேட்போர் மறைந்த இடத்தில் வெற்றுரையாகத் தேய்கின்றது.

பிர்சிக் நூல்

இராபர்ட் பிர்சிக் என்னும் அமெரிக்கர் 1968ஆம் ஆண்டுக் கோடையில் மின்னசோட்டாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை மோட்டார் சைக்கிளில் சென்றார். அச்செலவை அடிப்படையாகக் கொண்ட 'சென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' என்னும் நூலை 121 பதிப்பாளர் மறுத்தனர். பின்னர் 1974இல் அது வெளிவந்து பெரும்புகழ் எய்தியது. தன்னைத் தேடும் வழிச்செலவு எனின் முதலில் சுட்டப்பெறுவது இந்நூலே. ஆனால், இது தனிச்செலவு அன்று. பின்னிருக்கையில் கிறிஸ் என்னும் இளமகன் அமர்ந்திருக்கின்றான்; மொன்டானா வரை நண்பர் இணையர் ஒருவர் உடன் வருகின்றனர். ஆகவே எம் கருத்தைச் சோதித்தற்கு இந்நூலே தக்க களம் ஆகும்.

இந்நூலுள் மூன்று ஓட்டங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வழிச்செய்தி. மற்றொன்று 'சட்டாக்குவா' என ஆசிரியர் பெயரிட்ட சொற்பொழிவு. முன்னாளில் அமெரிக்காவில் ஊர்தோறும் கூடாரமிட்டு மக்களுக்கு நிகழ்த்தப்பட்ட அறிவுரைக் கூட்டங்களின் பெயர் அது. மூன்றாவது, மின்னதிர்ச்சி மருத்துவத்தால் அழிக்கப்பட்ட தம் பழைய 'தான்' பற்றிய கதை. அப்பழைய ஆளுக்குப் பிளேட்டோவின் உரையாடல் ஒன்றிலிருந்து ஃபீட்ரஸ் எனப் பெயர் சூட்டுகின்றார். கதை சொல்லும் இன்றைய ஆளுக்கோ நூலுள் பெயரில்லை. பெயருள்ள ஒருவன் இறந்தவன் போல் மறைந்திருக்க, பெயரில்லாத ஒருவன் ஊர்தியை ஓட்டிச் செல்கின்றான். தேடப்படுவது எது என்பது இதனால் விளங்கும்.

சொற்பொழிவில் ஊர்தி ஓர் எடுத்துக்காட்டு. கைப்பிடி தளர்ந்தபோது பீர்த் தகரக் குவளையின் தகட்டை வெட்டி இடுக்கினால் போதும் என்கின்றார் ஆசிரியர். உயர்விலை ஊர்தியுடைய நண்பரோ அதனை இழிவாகக் கருதி ஒப்பவில்லை. பொருளின் தோற்றத்தைக் காண்பாரும் அதன் இயக்கத்தைக் காண்பாரும் வேறாகும் நிலை இச்சிறு நிகழ்ச்சியில் புலனாகின்றது. பக்கமூடியின் திருகாணி ஒன்று இறுகிக் கழலாதுபோயின் ஊர்தி முழுதும் பயனற்று நிற்கும். அந்நிலையில் திருகாணியின் மதிப்பு ஊர்தியின் மதிப்பே ஆகும் என்கின்றார் மற்றோரிடத்தில். அறிவு தடைப்பட்டு நிற்கும் அந்த இடமே புதிய அறிவு பிறக்கும் இடம் என்பது அவர் கோட்பாடு.

இத்துணைச் செறிந்த சொற்பொழிவைக் கேட்போர் யார்? படிப்போராகிய நாம், கிறிஸ் அல்லன். ஓடும் மோட்டார் சைக்கிளில் உரையாடல் நிகழாது. தந்தை தலைக்கவசத்துள் நெடிது எண்ணிச் செல்ல, மகன் பின்னே வாளா இருக்கின்றான். அவனுக்கு வயிற்றுவலி வருகின்றது, அழுகின்றான், காரணமின்றிச் சினக்கின்றான். தந்தை அவற்றையெல்லாம் நோயின் குறிகளாகக் காண்கின்றார். உலகுக்குத் 'தரம்' பற்றிக் கற்பிப்பவர் அருகிருக்கும் ஒருவனுக்குச் செவிகொடாதது நூலின் குறை எனச் சிலர் கூறுவர். யாம் அவ்வாறு கருதவில்லை. நூலின் திருகாணி அதுவே. அது கழலும் வரை நூல் நிற்கின்றது.

அது கழலும் இடம் கலிபோர்னியக் கடற்கரை. மனநோய் மீண்டும் தம்மைப் பற்றும் என அஞ்சிய தந்தை, மகனை ஊருக்கு அனுப்பிவிட எண்ணி அதனை அவனிடம் கூறுகின்றார். மகன் கதறுகின்றான், மருத்துவமனைக் கண்ணாடிக் கதவைத் தந்தை ஏன் திறக்கவில்லை எனக் கேட்கின்றான். அவ்வினாவிற்கு மறைந்திருந்த ஃபீட்ரஸின் குரலே விடை தருகின்றது. மெய்யாகவே பித்துற்றிருந்தீரா என்று மகன் வினவ, இல்லை என்னும் சொல் தந்தை வாயினின்று தாமே எதிர்பாராது வெளிப்படுகின்றது. மகனோ அதனை முன்பே அறிந்தவன். அதன்பின் இருவரும் தலைக்கவசங்களைக் களைகின்றனர். மகன் கால்தாங்கிகளின் மேல் எழுந்து நிற்கின்றான். இத்துணை நாளும் அவன் கண்டது தந்தையின் முதுகு ஒன்றே என்பதும், இப்போதுதான் தோளுக்கு மேலாக வழியைக் காண்கின்றான் என்பதும் அப்போதே தந்தைக்குப் புலப்படுகின்றன.

ஆசிரியர் பல்லாயிரம் கல் ஓட்டித் தேடிய பழைய 'தான்' மலையிலும் இல்லை, சொற்பொழிவிலும் இல்லை. அது பின்னிருக்கையில் இருந்த மகனின் நினைவில் அழியாது இருந்தது. கேட்போன் ஆகாதிருந்தவன் கேட்போன் ஆன நொடியில் அது மீண்டது.

நற்றிணையோடு ஓர் ஒப்பீடு

நற்றிணையின் 284ஆம் பாட்டு ஈண்டு நினைக்கத்தக்கது. பொருள்வயிற் பிரிந்தோன் இடைச்சுரத்து நிற்கின்றான். மீண்டு சென்று அவள் துயர் களைவோம் என்கின்றது நெஞ்சு. தொடங்கிய வினையை இடையில் விடுதல் அறியாமையும் இளிவும் ஆம் என்கின்றது அறிவு. இரண்டுக்கும் இடைப்பட்ட உடலுக்கு, இரு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு உவமை. அவ்வுவமையாலேயே புலவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர் பெற்றார்.

ஒருவனுள் இருவர் நின்று போராடுதல் இருநூற்கும் பொது. வேறுபாடும் உண்டு. பாலைத் தலைவன் தன்னைத் தேடிச் சென்றானல்லன். பொருள் தேடிச் சென்றான். தான் யார் என்பதில் அவனுக்கு ஐயம் இல்லை. ஏனெனில் தன்னை அறிந்த ஒருத்தி மனைக்கண் உளள். பிர்சிக் நூலின் தலைவனுக்கோ தன்னை அறிந்த ஒருவன் தன் ஊர்தியின் மேலேயே இருந்தும், அதனை அறியும் வரை ஐயம் தீரவில்லை.

சைமனும் பியர்ட்டும்

முற்றிலும் தனியே சென்றாரை இனி நோக்குவோம். டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973 அக்டோபர் 6 அன்று இலண்டனிலிருந்து டிரயம்ப் ஊர்தியில் புறப்பட்டு நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். 1979இல் வந்த அவர்தம் 'ஜூபிட்டர்ஸ் டிராவல்ஸ்', அஃதாவது 'வியாழனின் பயணங்கள்', இவ்வகை நூல்களுக்கு முன்மாதிரியாயிற்று. பிரேசிலில் ஒற்றன் என ஐயுறப்பட்டுக் காவலில் வைக்கப்பட்ட பகுதியும், ஊர்தி பழுதுற்றுப் பிறர் உதவியை நாடி நின்ற பகுதிகளும் இந்நூலில் செறிவு மிக்கவை. ஓட்டம் இடையறாது நிகழும் பகுதிகளில் நிலக்காட்சிகள் கடந்து செல்லும்; எழுதுவோர் மாறுவதில்லை. ஓட்டம் நின்றவிடத்து வேற்றார் வருகின்றனர்; வினவுகின்றனர்; அவர்க்கு விடை கூறும்போது இவர் யார் என்பது நமக்கும் தெரிகின்றது. நூற்பெயரே இதற்குச் சான்று. நீர் வியாழன் என இந்தியாவில் குறியுரைத்த ஒருவர் சொன்ன சொல்லையே அவர் நூலுக்குத் தலைப்பாக்கினார். தான் யார் என்னும் வினாவிற்கு அவர் ஏற்ற விடை, பிறர் வாயினின்று வந்த விடையே.

நீல் பியர்ட் கனடிய இசைக்குழுவொன்றின் முரசுக் கலைஞர். அக்குழுவின் பாடல்களுக்குச் சொல் எழுதியவரும் அவரே. 1997 ஆகஸ்டில் ஒரே மகளை விபத்தில் இழந்தார். 1998 ஜூனில் மனைவியையும் இழந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் புறப்பட்டு, ஏறத்தாழ 14 மாதங்களில் 88,000 கிலோமீட்டர் ஓட்டினார். அலாஸ்கா முதல் மெக்சிகோ, பெலீசு வரை சென்ற அச்செலவே 2002இல் 'கோஸ்ட் ரைடர்' என நூலாயிற்று. இந்நூல் கையறுநிலைத் துறையின்பாற்படும். தொடக்கப் பகுதிகளில் சாலை எண்களும் தொலைவுகளும் உணவு விடுதிகளும் பறவைப் பெயர்களும் நிரல்பட வருகின்றன. துயருற்றவர் நிலையில் அந்நிரலே ஒரு மருந்தாகலாம். எனினும் படிப்போர்க்கு அது குறிப்பேடாகவே நிற்கின்றது. பின்னர் நண்பர்க்கு எழுதிய கடிதங்கள் நூலில் பெரும்பகுதியைக் கொள்கின்றன. சிறைப்பட்டிருந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய மடல்களில் நகையும் சினமும் துயரும் ஒருங்கே வெளிப்படுகின்றன. செல்ல இயலாத ஒருவர்க்காகச் செல்பவர் கண்டு கூறும்போது நடை உயிர்பெறுகின்றது. ஓட்டியவரும் ஒருவரே, வழியும் ஒன்றே. மாறியது கேட்போர் ஒன்றே.

எல்ஸ்பெத் பீர்டு என்னும் அம்மையார் 1982 முதல் 1984 வரை தனியே உலகைச் சுற்றியவர். அவர்தம் 'லோன் ரைடர்' வெளிவந்தது 2017இல். செலவு முடிந்த 33 ஆண்டுகளின் பின்னரே நூல் பிறந்தது என்பதும் எம் ஆராய்ச்சிக்கு உரிய செய்தியே. வழியை முடித்தல் வேறு. வழியைச் சொல்லி முடித்தல் வேறு.

ஒரு தடையும் விடையும்

தனியே செல்வோர் தமக்குத் தாமே பேசுதல் இயலாதோ, அதற்கும் கேட்போர் வேண்டுமோ எனின், அகப்பாடல்களே விடை தரும். அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலை. அவற்றுள் தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுவன பல. நெஞ்சு அங்கே தலைவனின் எதிரொலி அன்று. முன்னே ஓடிச் செல்லும், பின்வாங்கும், இடித்துரைக்கப்படும். மறுத்துரைக்கவல்லதாக நெஞ்சை ஆக்கிக் கொண்ட பின்னரே புலவர் அதனைக் கேட்போர் நிலையில் வைத்தனர். பிர்சிக் தம் பழைய ஆளுக்குப் பெயரிட்டு வேறாக்கியதும் இம்முறையே. மறுத்துரையாத தன்னுரையே தனிச்செலவு நூல்களைத் தளர்விப்பது. அந்நிலையில் வழியில் எதிர்ப்பட்ட உழவரும் கடைக்காரரும் எழுதுவோரின் முகம் காட்டும் கண்ணாடிகளாகக் குறுகிவிடுகின்றனர். இக்குறை அழகியற் குறை மட்டும் அன்று, அறக்குறையும் ஆகும்.

ஆற்றுப்படையும் ஈண்டு ஒளி தருகின்றது. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். பெற்றவன் பெறாதவனை எதிர்ப்பட்டு வழி கூறுவது அவற்றின் அமைப்பு. பரிசில் பெற்று மீண்டவன் தன் பேற்றைத் தனியே எண்ணி மகிழ்வதோடு அமையவில்லை. பிறனுக்கு வழியாக அதனை மாற்றுகின்றான். தனிச்செலவு நூல்களுள் சிறந்தன தம்மை அறியாமலே ஆற்றுப்படையை நோக்கி நகர்கின்றன.

முடிபு

சென்ற தொலைவையோ கண்ட நாடுகளின் எண்ணிக்கையையோ, எழுதுவோரின் வாய்மையையோ கொண்டு இந்நூல்களை மதித்தல் பொருந்தாது. சொல் யாரை நோக்கிச் செல்கின்றது, அவர் மறுமொழி கூற இடமுண்டா என்பனவே வினாக்கள். இவ்வினாக்களின் முன் சாலையே ஆசான் என்னும் புகழுரையும், எல்லாம் மேற்பூச்சு என்னும் பழியுரையும் ஒருங்கே தளர்கின்றன. கண்டது மெய்; ஆனால் தனிமையில் கண்டதன்று.

இம்முடிபிற்கு ஒரு கடுமையான பக்கமும் உண்டு. அகத்திணைத் தலைவனுக்குப் பெயரில்லை. அவன் நெஞ்சிற்கு இறப்பும் இல்லை. உரைநடையின் கேட்போரோ உலகில் வாழ்ந்த மாந்தர். கிறிஸ் 1979இல் சான்பிரான்சிஸ்கோவில் கொல்லப்பட்டான். 1984இல் எழுதிய பின்னுரையில் பிர்சிக் அவன் எங்கே சென்றான் எனத் தம்மையே வினவிக்கொள்கின்றார். தம் 'தானை' மகனிடமிருந்து பெற்றவர் எழுப்பும் அவ்வினா, நூலின் முதல் வினாவினும் ஆழமானது. அப்பின்னுரையோடு சேர்த்தே அந்நூல் இனிப் பயிலப்பெறுதல் வேண்டும்.

தம்மை முன்னிறுத்தாது எழுதிய ஏ. கே. செட்டியார் முதலானோரின் தமிழ்ப் பயண நூல்களையும் இக்கோல் கொண்டு அளத்தல் ஆராய்ச்சி மாணவர்க்கு உரிய பணியாகும். தன்னைத் தேடாத நூலில் 'தான்' எங்ஙனம் வெளிப்படுகின்றது என்பது அவ்வாய்வில் விளங்கும்.