படச்சீட்டும் ஊர் வரலாறும்

நம் இல்லத்துச் சிறுவர் கையில் புழங்கும் படச்சீட்டுகளைச் சூதின் சாயல் என்று வெறுப்பவர் உண்டு. வெறும் குப்பை என்று ஒதுக்குபவரும் உண்டு. அவற்றைக் கலைப்படைப்பாகக் கொண்டு திறனாய முன்வருவோர் மிகச் சிலரே. மற்போர் வீரர்களின் உயரத்தையும் எடையையும் ஒரு தலைமுறை பிழையின்றி ஒப்புவித்தது இச்சீட்டுகளால்தான். உமறுப் புலவர் அடங்கியுள்ள ஊர் எதுவென்று அதே சிறுவரை வினவினால் விழித்தனர். குறை அவர்களுடையதன்று.

ஜப்பானில் 1996இல் தொடங்கிய போக்கிமான் சீட்டில் நம்மைக் கவர்வது ஒன்றுண்டு. உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு அட்டையின் ஓரத்தில் ஓவியரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். (நம் பதிப்பாளர் பலர் அட்டைப்படம் வரைந்தவரை மறந்துவிடுவதை எண்ணிக்கொள்கிறோம்.) எனினும் அங்கே ஆட்டத்தை நடத்துவன எண்களே; ஓவியம் எண்ணுக்கு ஏவல் செய்கிறது.

அதே நாட்டின் குன்மா மாநிலத்தார் 1947இல் வெளியிட்ட 'ஜோமோ கருத்தா' இதற்கு நேர்மாறானது. போரில் நலிந்த மண்ணின் பிள்ளைகளுக்காகப் பிறந்தது அது. படச்சீட்டுகள் 44; ஒவ்வொன்றுக்கும் இணையாக ஒரு வாசகச்சீட்டு. ஒருவர் வாசகத்தைப் படிக்க, அதற்குரிய படத்தை முந்தி எடுப்பவரே வென்றவர். ஊரை அறிவதே இங்கு ஆட்டத்தின் திறமை. வரலாறு சீட்டின் பின்புறத்தில் ஒட்டிய அறிவுரையாக நிற்கவில்லை. மலையும் வெந்நீரூற்றும் தொமியோக்கா பட்டாலையும் அதில் உள்ளன. ஷிமோனிதாவின் நீளவெங்காயத்திற்கும் ஒரு சீட்டு உண்டு! மக்கள்தொகையைக் கூறும் சீட்டில் முதலில் 16 இலட்சம் என்றிருந்தது. தொகை பெருகப் பெருக வாசகத்தையும் திருத்தி வந்தனர். குறையும் இல்லாமலில்லை. அந்நாளில் ஆண்ட அமெரிக்கப் படையதிகாரத்தின் காரணமாக, மக்கள் நாவில் வாழ்ந்த சிலருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. எவரை விடுத்தோம் என்பதும் தொகுப்பின் வரலாறே.

நம்மவர் இத்தகைய சீட்டுகளை ஆக்க முனைந்தால் முதலில் எதிர்ப்படுவது முகம். வள்ளல் சீதக்காதியை நேரில் கண்டு வரைந்த படம் நம்மிடம் இல்லை. திரைப்பட நாயகனின் மீசையையும் உடைவாளையும் அவருக்கு அணிவித்துவிட்டால், அப்பொய் முகமே பிள்ளையின் நெஞ்சில் வாழ்நாள் முழுதும் தங்கும். நபிமார்களை வரைவதில்லை என்பது நம் மரபு; அதனால் ஓவியருக்கு வேலையில்லை என்று சிலர் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. காயல்பட்டினத்துப் பழம்பள்ளிகளின் கல்தூண்கள், மரைக்காயர்களின் பாய்மரக்கலம், அரபுத்தமிழ் ஏட்டின் எழுத்தழகு, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் நாகூரில் எழுப்பிய 131 அடி மினாரா ஆகிய இவற்றில் எதற்கு முகம் வேண்டும்? வெங்காயத்திற்கு இடமிருந்தால் கீழக்கரைத் தொதலுக்கும் இடமுண்டு.

மற்போர்ச் சீட்டைப் பார்த்து 'வள்ளன்மை 90, வீரம் 40' என்று மதிப்பெண் இடுவதை மட்டும் நாம் பொறுக்கமாட்டோம். செத்தும் கொடுத்தவர் என்று ஊர் போற்றும் ஒருவரை எந்தத் தராசில் நிறுப்பது?

ஓவியர் கிடைத்துவிடுவார். வாசகம் எழுதுவோரைத் தேடுவதுதான் அரிது. ஒரே மூச்சில் படிக்கத்தக்க ஒரு வரி. அதன் முதற்சொல் காதில் விழுந்ததுமே சிறுமியின் கை சரியான படத்தின்மேல் பாய வேண்டும். நம் புலவர்களுள் எவரேனும் நாகூர் மினாராவுக்கு அத்தகைய வரி ஒன்றை எழுதி அனுப்பட்டும்; படித்துப் பார்க்கக் காத்திருக்கிறோம்.